கார்ட் மோசஸ் துவைத்த வெள்ளை

கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில், வெள்ளை உடுப்பில், கார்டாகப் பணிக்காலம் முழுவதையும் கழித்தவர் மோசஸ். அந்த உடுப்பு எப்படி வெள்ளையாகவே இருந்தது என்று அவர் யோசித்ததில்லை. ராமகுண்டத்திலிருந்து நிலக்கரி ஏற்றிய வண்டியோடு வந்தால் சட்டை கறுத்திருக்கும். சிமெண்ட் வண்டி என்றால் சாம்பல் பூத்திருக்கும். லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து அதைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். எழுந்து பார்க்கும்போது பின்பக்கக் கயிற்றில் அது வெள்ளையாகத் தொங்கும். பொழுது விடிவதைப் போல அதுவும் தானாக நடப்பதாகத்தான் அவர் நினைத்திருந்தார்.

நடத்தியவள் அவர் மனைவி ஐவி. அவளுக்கும் வெள்ளைதான் உடுப்பு. கண்டோன்மென்ட் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சர்ஜிகல் வார்டு நர்ஸ். அவர் கரியோடு வருவார். அவள் ரத்தத்தோடும் அயோடினோடும் வருவாள். இரண்டையும் அவளே துவைத்தாள். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீரும் உப்பும். மைக்கு ஸ்பிரிட். கரிக்கு முதலில் உதறல், பிறகுதான் தண்ணீர். கடைசி அலசலில் ஒரு துளி நீலம், தண்ணியான கஞ்சி. ஈஸ்டர் காலையில் வெள்ளை கட்டிக்கொண்டு சர்ச்சுக்கு வரும் பெண்கள் ஐவிக்குப் பக்கத்தில் உட்காரத் தயங்குவார்கள். அவள் சேலைக்கு அருகில் தங்கள் வெள்ளை மஞ்சளாகத் தெரியும் என்று பயம்.

மோசஸின் தாத்தா ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்குப் பட்டாளத்துக்குச் சமைக்க வந்தவர். அப்பா லாலாகூடா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வீட்டுத் தமிழில் தெலுங்கும் தக்கனி உருதுவும் கலந்து கிடந்தன. எந்தச் சொல் எந்த மொழி என்று அவர்களைக் கேட்டால் அவர்களுக்கே தெரியாது. மோசஸ் ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் திருமுல்கேரியில் ஒரு இரண்டாம் மாடி ஃபிளாட்டுக்கு வந்தார்கள். மகள் எமிக்கு பேகம்பேட்டில் சாஃப்ட்வேர் வேலை. அவள் முதல் சம்பளத்தில் வாஷிங் மெஷின் வாங்கிப் போட்டாள். அதில் போர்வையும் லுங்கியும் எமியின் ஜீன்ஸும் சுற்றின. ஐவியின் யூனிஃபார்ம் மட்டும் அதற்குள் போனதில்லை. “வார்டு அழுக்கும் வீட்டு அழுக்கும் ஒண்ணா சுத்தக் கூடாது” என்பாள். மெஷினுக்குக் கறை எங்கே இருக்கிறது என்று தெரியாது என்பதும் அவளுடைய குறை.

ரிட்டயர் ஆன மோசஸுக்குச் செய்ய ஒன்றுமில்லை. அப்போதுதான் தண்ணீர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தது. அந்தக் கட்டடத்தில் போர் தண்ணீர் எப்போதும் வரும். மொட்டை மாடியில் இருந்த பழைய இரும்புத் தொட்டியில் ஏறி இறங்கும் கனத்த தண்ணீர். நல்ல தண்ணீர் என்றால் மஞ்சீரா ஆற்றுத் தண்ணீர். அது வாரத்தில் நாலைந்து நாள், கீழே காம்பவுண்டுக் குழாயில், தனக்குத் தோன்றிய நேரத்தில் வரும். யாராவது பார்த்துச் சொன்னால்தான் உண்டு. மோசஸ் லால் பஜாரில் பச்சைத் துணியும் சிவப்புத் துணியும் வாங்கி, தானே ஓரம் அடித்து இரண்டு கொடிகள் தைத்தார். ரயில்வே கொடிகளைத்தான் ஆபீஸில் திருப்பிக் கொடுத்தாயிற்றே. தண்ணீர் வந்தால் பால்கனிக் கம்பியில் பச்சை. நின்றால் சிவப்பு. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மாதத்தில் மொத்தக் கட்டடமும் பால்கனியைப் பார்த்துத்தான் குடத்தை எடுத்தது.

ஒரு காலை. நைட் டூட்டி முடிந்து வந்த ஐவி நேராகக் குளியலறைக்குள் போனாள். குழாய் ஓடும் சத்தம் கேட்டது, துணி பிழியும் சத்தம் கேட்கவில்லை. வெகுநேரம் ஆயிற்று. மோசஸ் கதவைத் தள்ளினார். ஐவி ஈரச் சேலையைக் குழாயில் சுற்றி, ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு, மறுமுனையை முழங்கையில் மாட்டி முறுக்கிக்கொண்டிருந்தாள். கை அதில் படவே இல்லை.

“கைக்கூ ஐவி, ஏன் இப்படி? இன்னா பண்ற?” பதறினால் அவருக்கு ‘ஏன்’ என்பது உருதுவில்தான் முதலில் வரும்.

“ஒண்ணுமில்ல. போங்க.”

“கையக் காட்டு.”

காட்டவில்லை. அவரே பிடித்துப் பார்த்தார். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. கட்டைவிரல் பக்கம் தொட்டதும் அவள் பல்லைக் கடித்தாள்.

“எவ்ளோ நாளா?”

“கிறிஸ்மஸுக்கு முன்னாடியிலேர்ந்து.” பிறகு வேகமாகச் சொன்னாள்: “வார்டுல யாருக்கும் தெரியாது. நீங்க யாருகிட்டயும் வாயத் திறக்காதீங்க. கை போச்சுன்னு தெரிஞ்சா ரிசப்ஷன்ல உக்கார வெச்சுடுவாங்க, வர்றவங்களுக்கு டோக்கன் குடுத்துக்கிட்டு. என்னால முடியாது.”

எலும்பு டாக்டரிடம் வராந்தாவில் போகிறபோக்கில், வேறு யாருக்கோ கேட்பதுபோல் கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே, “அந்த வேற யாரோகிட்ட துணி பிழியறத மொதல்ல நிறுத்தச் சொல்லுங்க சிஸ்டர். மத்த வேலையெல்லாம் கை தாங்கும். முறுக்கினா தாங்காது” என்றாராம்.

ஐவிக்கு வார்டு என்றால் என்ன என்று மோசஸுக்குத் தெரியும். ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிகிறவர்கள் கண் திறந்ததும் முதலில் பார்க்கும் முகம் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவள். அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் லீவு நாளில்கூட, “அந்த ஹெர்னியா தாத்தா சாப்பிட்டாரோ என்னமோ” என்று ஆரம்பிப்பாள்.

“இனிமே நான் தோய்க்கிறேன்” என்றார் மோசஸ்.

ஐவி அந்த வலியிலும் சிரித்தாள். “நீங்களா? உங்க கர்ச்சீப்பே எங்க காயுதுன்னு உங்களுக்குத் தெரியாது.”

சிரித்தது சரிதான். முதல் வாரத்தில் ரத்தக் கறையை நன்றாகப் போகட்டும் என்று கொதிக்கும் தண்ணீரில் முக்கினார். கறை பழுப்பாகி அங்கேயே குடியேறிவிட்டது. இன்னொரு நாள் நீலத்தைக் கரைக்காமல் ஊற்றியதில் சேலை முழுக்கத் திட்டுத் திட்டாக வானம் தெரிந்தது. ஐவி திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. அவர் தெருப்பக்கம் போன நேரம் பார்த்து, அதையே எடுத்து மறுபடி துவைத்தாள். கையை மறைக்கக் கற்றிருந்தவள் துவைப்பதையும் மறைத்தாள். அவர் திரும்பி வந்து, காய்ந்திருந்த சேலை மறுபடி ஈரமாகத் தொங்குவதைப் பார்ப்பார். தன் ஒவ்வொரு தவறும் அவள் மணிக்கட்டில்தான் போய் விழுகிறது என்று அப்போது புரிந்தது.

அதிலிருந்து அவர் துவைப்பதை டூட்டியாகவே எடுத்துக்கொண்டார். மஞ்சீரா வரும் நாளில் கீழே குழாயடிக்கே பக்கெட்டோடு போய்விடுவார். எதிர் வீட்டு பால்கனியில் தண்டபாணி உட்கார்ந்திருப்பார். திருப்பூர்க்காரர். மகனுக்கு மாதாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை என்பதால் மனைவியோடு வந்து தங்கியிருந்தார். பாஷை தெரியாத ஊரில் அவருக்கு வாய்த்த ஒரே தமிழ்ப் பேச்சுத்துணை மோசஸ்தான். அந்தத் துணையை அவர் வீணாக்கவில்லை.

“ஏனுங் சார், இன்னைக்கும் சலவைங்களா?”

“ஹவ், ஆமா. உங்க வேட்டியும் இருந்தா போடுங்க.”

“வேண்டாமுங்க. எங்கூருல ஆம்பள பொஞ்சாதி சேலையத் தொவச்சா டிக்கெட் போட்டுப் பாப்பாங்க. நான் சும்மாவே பாத்துட்டிருக்கறேன்.”

“பாருங்க, பாருங்க. பாத்தே கத்துக்குங்க. நாளைக்கு உங்களுக்கும் வரும்.”

“எனக்கெதுக்குங்க வருது? எங்கூட்டுல மிசினு இருக்குது!”

சித்திரை வெயில் ஏற ஏற மோசஸின் கை தேறியது. எந்தக் கறைக்கு எது என்று ஐவி எப்போதோ சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. ஆனாலும் ஐவி ஒவ்வொரு சேலையையும் ஜன்னலில் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பார்ப்பாள். பார்த்தால் ஏதாவது இருக்கும். மடியருகே மருந்துச் சொட்டின் நிழல். முந்தானை ஓரத்தில் அழுக்குக் கோடு. சேலையை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போவாள். “விடேன், நான் பாக்கறேன்” என்றால், “இதோ, ஒரு நிமிஷம்” என்பாள். அந்த ஒரு நிமிஷம்தான் அவருடைய எதிரி. ஒரே ஒரு சேலையாவது ஜன்னலிலிருந்து குழாய்க்குப் போகாமல் நேராகப் பீரோவுக்குப் போக வேண்டும். அவர் வேண்டியதெல்லாம் அதுதான்.

மே மாதம் நர்ஸ்கள் தினம் வந்தது. ஆஸ்பத்திரி ஹாலில் விளக்கேற்றும் சடங்கு உண்டு. மூத்த நர்ஸ் ஒருத்தி விளக்கை ஏந்தி வர, இளையவர்கள் அதிலிருந்து தங்கள் மெழுகுவர்த்திகளை ஏற்றிக்கொண்டு உறுதிமொழி எடுப்பார்கள். அந்த வருஷம் விளக்கு ஐவி கையில். கனமான பித்தளை விளக்கு. ஹாலின் கடைசியிலிருந்து மேடைவரை தூக்கி வர வேண்டும். கை நடுங்கினால் எல்லோரும் பார்ப்பார்கள். மேட்ரன் முதலில் பார்ப்பாள்.

இதற்காகவே பீரோவில் வைத்திருந்த வெள்ளைக் காட்டன் சேலையை ஐவி வெளியே எடுத்தாள். மடிப்பெல்லாம் மஞ்சள் பாய்ந்திருந்தது. பக்கெட்டைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள்.

“குடு” என்றார் மோசஸ்.

“இது வேணாம். இது ஒண்ண நான் பண்ணிக்கறேன்.”

“இத நீ பிழிஞ்சா விளக்க எந்தக் கையில பிடிப்ப?”

ஐவி சேலையைக் கட்டிலின்மேல் வைத்துவிட்டு டூட்டிக்குக் கிளம்பினாள். கையில் கொடுக்கவும் இல்லை, எடுத்துப் பூட்டவும் இல்லை.

அன்றைக்கு மஞ்சீரா நாள். மோசஸ் உயிரைக் கொடுத்துத் துவைத்தார். ஊறவைத்து, நுரை தெளிகிறவரை அலசி, நீலம் கரைத்துத் துணியில் வடிகட்டி, கஞ்சி போட்டு, உதறிக் கட்டினார். பால்கனிக் கயிற்றில் அது தொங்கியபோது கண் கூசியது. தண்டபாணிகூட எழுந்து நின்று, “அட, பளிச்சுனு இருக்குதுங்க சார்!” என்றார். தண்ணீர் நின்றுவிட்டிருந்தது. மோசஸ் வழக்கம்போலக் கம்பியில் சிவப்புக் கொடியைக் கட்டினார். சாப்பிட்டுவிட்டுச் சற்றுச் சாய்ந்தார்.

ஜன்னல் படீரென்று அடித்த சத்தத்தில்தான் விழித்தார். கோடை மழை. மண்ணும் காற்றும் முதலில், பிறகு சாய்வாகத் தண்ணீர். பால்கனிக்கு ஓடினார். கம்பியில் இருந்த கொடி தொப்பலாக நனைந்து, காற்றில் சுருண்டு, பக்கத்தில் தொங்கிய சேலையைத் தழுவிக்கொண்டிருந்தது. அது ஒருமுறைகூடத் தண்ணீரில் நனைத்த துணியல்ல, லால் பஜாரின் மலிவுச் சிவப்பு. இத்தனை நாள் வெயிலை மட்டுமே பார்த்திருந்தது. இடுப்பு உயரத்திலிருந்து கீழ் ஓரம்வரை சேலையில் ரோஜா நிறக் கோடுகள் இறங்கிக்கொண்டிருந்தன.

மழையில் யாரோ ஒரு நர்ஸ் வந்து சேராததால் ஐவிக்கு டபுள் டூட்டி. காலையில்தான் முடியும் என்று போனில் சொன்னாள். மோசஸ் சேலை விஷயத்தைச் சொல்லாமல் வைத்தார். பேகம்பேட்டிலிருந்து முழங்கால்வரை நனைந்து வந்த எமி, பக்கெட்டில் கிடந்ததைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள்.

“டாடி, வாட் டிட் யூ டூ?”

“நான் ஒண்ணும் பண்ணல. கொடி பண்ணிச்சு.”

“ஓகே, ஓகே. ப்ளீச் போடலாம். நான் வாங்கிட்டு வரேன். மம்மிக்கி செப்பொத்து, சொல்லிடாதீங்க. போகலேன்னா புதுசு ஒண்ணு வாங்கிடலாம். ஷி வோன்ட் நோ.”

ப்ளீச் வந்தது. மஞ்சீரா இனி வந்தால் மறுநாள்தான். போர் தண்ணீரைப் பிடித்து, பாட்டிலில் சொல்லியிருந்த அளவைவிடத் தாராளமாக ஊற்றி, சேலையை முக்கி வைத்தார் மோசஸ். விடிந்ததும் எடுத்துப் பார்த்தார். ரோஜா நிறம் கிட்டத்தட்டப் போயிருந்தது. வெள்ளையும் சேர்ந்து போயிருந்தது. தலைப்பு முதல் ஓரம்வரை மொத்தச் சேலையும் காவிப் பழுப்பாக, பழைய கோணி நிறத்தில் வந்தது.

எமி பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: “நியூ ஒன், டாடி. நான் ஆபீஸ் போற வழியில பாக்கறேன்.”

மோசஸ் யோசித்தார். புதுச் சேலையை ஐவி ஜன்னலில் விரித்த நிமிஷமே கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்தால் அதற்கப்புறம் எந்தச் சேலையும் அவர் கைக்கு வராது. கண்டுபிடிக்காவிட்டால் இன்னும் மோசம். வண்டி நடுவழியில் நின்றால் கார்ட் முதலில் செய்ய வேண்டியது தகவல் சொல்வது. வண்டியை ஒளித்துவைக்க முடியாது.

“நக்கோம்மா, வேணாம்” என்றார். “நீ கிளம்பு.”

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

“சர்ஜிகல் வார்ட்.”

“ஐவி, நான்தான்.”

“இன்னா? எமிக்கு ஏதாச்சும்?”

“எமி நல்லாத்தான் இருக்கா. சேலைதான்.”

 மோசஸ் விபத்து அறிக்கை கொடுப்பதுபோல் சொன்னார். எங்கே, எதனால், என்ன செய்தோம், இப்போது நிலவரம் என்ன. ப்ளீச்சை எமி வாங்கிவந்தாள் என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

“போர் தண்ணியிலயா ப்ளீச் போட்டீங்க?”

“ஹவ்.”

“எமி டாடி, மேல இருக்கிறது இரும்புத் தொட்டி. வாஷ்பேசின்ல காவிக் கோடு இருக்கே, தினம் அதப் பாத்துக்கிட்டுத்தான பல் தேய்க்கிறீங்க? ப்ளீச் பட்டதும் அந்தத் துரு மொத்தமும் துணியில ஏறிடுச்சு. இப்ப இருக்கிறது சாயம் இல்ல. துரு.”

“அப்போ போகுமா?”

“டே ஸ்டாஃப் ஒருத்தி வரல. சாயந்திரம் ஆகும் நான் வர. வெயில் போயிடும்.” பெருமூச்சு விட்டாள். “மேட்ரன்கிட்ட பர்மிஷன் கேட்டு மத்தியானம் ஒரு நடை வந்து...”

“நக்கோ ஐவி. நீ வராத. நீ சொல்லு. நான் செய்றேன்.”

பின்னால் யாரோ “சிஸ்டர், சிஸ்டர்” என்று முனகும் குரல் கேட்டது. ஐவி “தோ வரேன் ஐயா” என்று அந்தப் பக்கம் சொன்னாள். பிறகு போனுக்குத் திரும்பினாள். 

“கேளுங்க” என்றாள். “மொதல்ல ப்ளீச் வாசனை துளிகூட இல்லாத வரைக்கும் அலசணும். வாசனை இருக்கும்போது புளிப்பு எதையும் பக்கத்துல கொண்டு போகாதீங்க, மூச்சு முட்டும். அப்புறம் எலுமிச்சம்பழச் சாறு, உப்பு. போட்டு வெயில்ல விரிங்க. காய விடாதீங்க. காயக் காயச் சாறு தெளிங்க. தேய்க்க வேணாம். புரிஞ்சுதா?”

“தேய்க்க வேணாம்.”

“அலசறது மஞ்சீராவுல. இன்னைக்கு வருமா?”

“வரும். வந்தே ஆகணும்.”

அவள் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. “உங்க கொடியக் கட்டிக் கூப்பிடுங்க.” போனை வைத்துவிட்டாள்.

கொடி கட்டும் எண்ணம் அன்றைக்கு அவருக்கு இல்லை. இரண்டு கொடிகளும் கட்டிலுக்கடியில் கிடந்தன. தண்ணீர் வந்ததும் பக்கெட்டோடு கீழே ஓடினார். பால்கனி காலியாக இருந்ததால் கட்டடம் தூங்கிக்கொண்டிருந்தது. பிறகு ஒவ்வொருவராக எட்டிப்பார்த்து, “கார்ட் சாப், பானி ஆயா க்யா?” என்று தண்ணீர் வந்ததை விசாரித்தபடி குடத்தோடு இறங்கி வந்தார்கள். எல்லோரையும் முன்னால் விட்டார். தன் முறை வந்ததும் அலசினார், முகர்ந்தார், மறுபடி அலசினார். தண்ணீர் குடித்த காட்டன் சேலை கல் மாதிரி கனத்தது. அவருக்கும் வயதாயிற்று. முறுக்கிப் பாதியில் நின்று மூச்சு வாங்கினார்.

“ஒரு முனையக் குடுங்க சார்.”

தண்டபாணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

“நீங்களா? டிக்கெட் போட்டுப் பாக்கறவரா?”

“நேத்து மழையில இருந்து பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன். மனசு கேக்கல. எங்கூட்டுக்காரிகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. நாளைக்கு எம்பட கையில பக்கெட்டக் குடுத்துருவா.”

இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து எதிரெதிரே நின்று முறுக்கினார்கள். துணி கயிறுபோல மொத்தமாகச் சுழன்றதே தவிர ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை.

“ஏனுங் சார், நான் சுத்தற பக்கமே துணியும் சுத்துதுங்க!”

“நீங்க அந்தப் பக்கம் முறுக்குங்கன்னா...”

“எந்தப் பக்கமுங்க?”

“நான் முறுக்காத பக்கம்!”

குடத்தோடு நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் தண்ணீர் இருவர் பாதத்திலும் கொட்டியது.

எலுமிச்சம்பழமும் உப்பும் தயாராக இருந்தன. மொட்டை மாடியில் பழைய பெட்ஷீட்டை விரித்து, அதன்மேல் சேலையைப் பரப்பி, சாறு தெளித்தார். மழை கழுவிவிட்ட வானத்தில் மே மாத வெயில் கொளுத்தியது. மோசஸ் தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்தார். காய்கிற இடத்தைத் தேடித் தேடிச் சாற்றை விட்டார். தேய்க்கக் கை துறுதுறுத்தது. தேய்க்கவில்லை. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓரத்தில், ஒரு உள்ளங்கை அளவுக்கு, காவி வெளுக்கத் தொடங்கியது. அங்கிருந்து அது மெல்லப் பரவியது. அவர் சாப்பிடக்கூட இறங்கவில்லை. தண்டபாணி ஒரு சொம்பில் மோரோடு ஏறி வந்தார். சேலையைப் பார்த்துவிட்டு, பேசத் தோன்றாமல் சொம்பை வைத்துவிட்டு இறங்கிப் போனார். அவர் பேசாமல் போனதை மோசஸ் அதுவரை கண்டதில்லை.

சாயங்காலம் ஐவி வந்தபோது சேலை அலசி, நீலமும் கஞ்சியும் போட்டு, இஸ்திரியும் ஆகிக் கட்டிலின்மேல் இருந்தது. அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சேலையை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். வலது கையால் உயர்த்தினாள், முடியாமல் இடது கைக்கு மாற்றினாள். மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நின்றாள். கீழ் ஓரத்தில், நகத்தளவுக்கு, இருக்கிறதா இல்லையா என்ற மாதிரி ஒரு ரோஜா நிழல்.

“இங்க” என்றாள்.

“தெரியும்” என்றார் மோசஸ். “எவ்ளோ பாத்தாச்சு. அது மட்டும் போக மாட்டேங்குது.”

ஐவி குளியலறைப் பக்கம் திரும்பினாள். மோசஸ் பக்கெட்டைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தார். வெயிலில் கறுத்து, மூக்குத் தோல் உரிந்து, எலுமிச்சை பட்டு விரல் நுனியெல்லாம் வெடித்திருந்த ஆளை அவளும் ஒரு கணம் பார்த்தாள்.

“உள்கொசுவத்துல போயிடும்” என்றாள். சேலையை மடித்தாள். பீரோவைத் திறந்து உள்ளே வைத்துச் சாத்தினாள். பிறகுதான் செருப்பைக் கழற்றினாள். “சாப்பிட்டீங்களா இல்லையா? மூஞ்சியப் பாரு, ஸ்டீம் இஞ்சின்ல வேலை பாத்தவர் மாதிரி.”

விழாவன்று மோசஸும் எமியும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். ஹால் விளக்குகளை அணைத்ததும் பின்கதவிலிருந்து ஐவி வந்தாள். இரண்டு கையாலும் பித்தளை விளக்கைப் பிடித்திருந்தாள். சுடர் ஆடியது, விளக்கு ஆடவில்லை. எமி “மம்மி லுக்ஸ் ஸோ குட்” என்று கிசுகிசுத்தாள். மோசஸுக்கு விளக்கும் சரியாகத் தெரியவில்லை, முகமும் தெரியவில்லை. அவர் பார்த்ததெல்லாம் அவள் தன் வரிசையைக் கடக்கும்போது கால்களருகே அசைந்த வெள்ளை. மேடையேறி, இளைய நர்ஸ்கள் ஒவ்வொருவராகத் தங்கள் மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு முடிக்கும்வரை அவள் விளக்கைத் தாழ்த்தவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஐவி சேலையை மாற்றிக்கொண்டாள். அதைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு குளியலறைக்குப் போகவில்லை. கூடத்தில் செய்தித்தாளை விரித்துக்கொண்டிருந்தவரின் மடியில் போட்டாள்.

“முந்தானையில மெழுகு. அந்தக் கேரளாப் பொண்ணு கை நடுங்கிச் சொட்டிட்டா.”

“சரி.”

“இடுப்புக்கிட்ட எண்ணெய் இருக்கு, விளக்கு எண்ணெய். ரெண்டும் வேற வேற. கலந்து பண்ணிடாதீங்க.”

“சரி ஐவி.”

“திங்கக்கிழமையிலேர்ந்து மார்னிங் டூட்டி. ரெண்டு சேலை வேணும்.”

கட்டிலில் போய்ப் படுத்தாள். வலது கையைத் தலையணைமேல் தனியாக வைத்துக்கொண்டாள். உடம்பு சரியில்லாத பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொள்கிற மாதிரி.

மோசஸ் முந்தானையை விரித்துப் பார்த்தார். மெழுகு இன்னும் மிருதுவாக இருந்தது. இப்போதே சுரண்டுவதா, இறுகட்டும் என்று விடுவதா என்று தெரியவில்லை. கேட்கலாம் என்று அறைக்குள் எட்டிப்பார்த்தார். ஐவி வாயைச் சற்றுத் திறந்தபடி நன்றாகத் தூங்கிவிட்டிருந்தாள்.

கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்து, சேலையை மேஜைமேல் பரப்பி, மெழுகு இறுகக் காத்திருந்தார்.